ஆய்வுகூடத்து அக்கா பதில்கள்: கிருமிக்குள் உத்தரவு போடும் சிறு ஆர்.என்.ஏ.

கொழுந்தெடுக்கிறவர்களின் விரல் புண்களைப் பற்றிப் போன இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பல ஒரே விஷயத்தைச் சுற்றி வந்தன: உடம்புக்குள் போன கிருமிக்கு எப்போது என்ன செய்ய வேண்டும் என்று எப்படித் தெரிகிறது? ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் தினமும் கிருமி வளர்த்துப் பார்க்கிற எனக்கு இதைவிடப் பிடித்த கேள்வி கிடையாது. அதனால் இந்த மாதப் பக்கம் முழுக்க அதற்குத்தான். சுகர், தைரொயிட் ரிப்போட் அனுப்பியவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், அடுத்த மாதம் எழுதுகிறேன்.

கேள்வி: அக்கா, 2024இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு மைக்ரோ ஆர்.என்.ஏ.வைக் கண்டுபிடித்தவர்களுக்குக் கிடைத்தது. எங்களுக்கு வகுப்பில் சொல்லித் தந்தது தூது ஆர்.என்.ஏ., இடமாற்று ஆர்.என்.ஏ., ரைபோசோம் ஆர்.என்.ஏ. என்ற மூன்றும்தான். நோய் உண்டாக்கும் பக்டீரியாவிலும் மைக்ரோ ஆர்.என்.ஏ. இருக்கிறதா?
— உயர்தர மாணவி, கொட்டகலை

பதில்: நல்ல கேள்வி தங்கச்சி. மரபணுவின் தூது ஆர்.என்.ஏ.வில் ஒட்டி அதை அடக்கும் குட்டி ஆர்.என்.ஏ.தான் மைக்ரோ ஆர்.என்.ஏ. அது பக்டீரியாவில் இல்லை. ஆனால் அதன் வேலையைச் செய்யும் வேறு சிறு ஆர்.என்.ஏ.க்கள் இருக்கின்றன, அவை அதற்கு முன்பே கண்டுபிடிக்கப்பட்டும் விட்டன. விக்டர் அம்ப்ரோசும் கேரி ருவ்கனும் ஒரு சின்னப் புழுவில் மைக்ரோ ஆர்.என்.ஏ.வைக் கண்டு எழுதியது 1993இல். 1984இலேயே மசயோரி இனோயேயின் குழு, நம் குடலில் வாழும் ஈ.கோலை பக்டீரியாவில் மிக்-எஃப் என்ற சிறு ஆர்.என்.ஏ.வைக் கண்டுபிடித்துவிட்டது.

அது செய்வதைப் பார்ப்போம். ஈ.கோலையின் வெளிச்சுவரில் தண்ணீரும் சிறு சத்துக்களும் போய்வரத் துளைகள் உண்டு. அவற்றில் பெரியதைக் கட்டும் புரதத்தின் பெயர் ஓம்ப்-எஃப். அதற்கான தூது ஆர்.என்.ஏ., அதாவது புரதம் செய்வதற்கான செய்தி, டி.என்.ஏ.யிலிருந்து படியெடுக்கப்பட்டு, புரதம் கட்டும் ரைபோசோமுக்குப் போக வேண்டும். அந்தத் தூதின் தொடக்கப் பகுதியில், ரைபோசோம் வந்து உட்கார வேண்டிய இடத்தில், மிக்-எஃப் போய் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டுவது நீங்கள் படித்த அதே விதிப்படிதான், ஆர்.என்.ஏ.வின் எழுத்துகளில் அடினினுக்கு யுராசில், குவானினுக்கு சைற்றோசின். இடம் அடைபட்டதும் ரைபோசோமால் உட்கார முடியாது, புரதமும் உருவாகாது. பிறகு தூது ஆர்.என்.ஏ.வே வெட்டுப்பட்டு அழிந்துவிடும். தோட்டத்தில் துரையின் ஆபீசிலிருந்து புறப்பட்ட உத்தரவு மலைக்குப் போய்ச் சேருமுன் கங்காணி நடுவழியில் மறித்துவிடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஆபீசில் எழுதியது எழுதியபடியே இருக்கும், மலையில் வேலை நடக்காது.

இதில் நோய்க்கு என்ன சம்பந்தம் என்றுதானே அடுத்துக் கேட்பீர்கள்? பெனிசிலின் குடும்பத்து மருந்துகளில் பல அந்தப் பெரிய துளை வழியாகத்தான் கிருமிக்குள் நுழைகின்றன. துளை குறைந்தால் மருந்தும் குறைவாகவே உள்ளே போகும். மருந்துக்கு மசியாத கிருமிகளுக்கெல்லாம் இதுதான் காரணம் என்று சொல்லவில்லை. அதற்கு இதைவிடப் பலமான காரணங்கள் உண்டு, குறிப்பாக மருந்தையே உடைத்துப் போடும் நொதியங்கள். ஆனால் மரபணுவில் ஓர் எழுத்துகூட மாறாமல், சூழலைப் பார்த்து, கிருமி தன் சுவரை இப்படி மாற்றிக்கொள்ள முடிகிறதே, அதுதான் எனக்குப் பெரிய விஷயம்.

மைக்ரோ ஆர்.என்.ஏ.வின் நீளம் ஏறக்குறைய 22 எழுத்துகள். பக்டீரியாவின் சிறு ஆர்.என்.ஏ.க்கள் பெரும்பாலும் 50 முதல் 300 எழுத்துகள் வரை இருக்கும், சில அதையும் தாண்டும். ஈ.கோலை, சல்மொனெல்லா போன்றவற்றில் இவற்றுக்குத் துணையாக எச்.எஃப்.கியூ. என்ற புரதம் இருக்கிறது. ஆறு துண்டுகள் சேர்ந்து வளையமாக நிற்கும் அது, சிறு ஆர்.என்.ஏ.வையும் தூது ஆர்.என்.ஏ.வையும் பிடித்துப் பக்கத்தில் கொண்டுவந்து சேர்த்துவிடும். 1968இல் அதைக் கண்டபோது, பக்டீரியாவைத் தாக்கும் ஒரு வைரசு பெருகுவதற்கு வேண்டிய புரதமாகத்தான் அதை அறிந்திருந்தார்கள். சிறு ஆர்.என்.ஏ.வோடு அதற்குள்ள உறவு தெரியவந்தது வெகுகாலம் கழித்து.

புரதம் செய்து அடக்குவதைவிட ஆர்.என்.ஏ.வால் அடக்குவது கிருமிக்கு லாபம். படியெடுத்தவுடனே வேலைக்குத் தயார், ரைபோசோமுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பக்டீரியாவின் தூது ஆர்.என்.ஏ. பெரும்பாலும் சில நிமிடங்களே வாழும் என்பதால், அந்த வேகம் அவசியம். பரீட்சையில் கேட்ட மூன்றையும் எழுதுங்கள், இந்த நாலாவதையும் மனதில் வைத்திருங்கள். பல்கலைக்கழகத்துக்குப் போனதும் முதல் வருடத்திலேயே கைகொடுக்கும்.

கேள்வி: அக்கா, அம்மா கொழுந்தெடுக்கிறவர். அடிக்கடி நகச்சுற்று வரும். முதல் இரண்டு மூன்று நாள் லேசாகச் சிவந்திருக்கும், பெரிதாக ஒன்றும் தெரியாது. அப்புறம் ஒரே ராத்திரியில் வீங்கி, விண்விண் என்று தெறித்து, சீழ் கட்டிவிடும். கிருமி முதல் நாளே உள்ளே போயிருந்தால், ஏன் இத்தனை நாள் சும்மா இருந்தது? எலுமிச்சம்பழத்தைக் குடைந்து விரலில் மாட்டுவது சரியா?
— ஒரு மகள், பொகவந்தலாவை

பதில்: உங்கள் அம்மாவின் விரலில் நீங்கள் கவனித்ததை ஆராய்ச்சியாளர்கள் சோதனைக் குழாயில் கவனித்தார்கள். பார்வை ஒன்றுதான்.

நகச்சுற்றை உண்டாக்குவதில் முன்னால் நிற்பது ஸ்டெபிலோகொக்கஸ் ஓரியஸ். பலருடைய மூக்குக்குள்ளும் தோலிலும் தொந்தரவில்லாமல் குடியிருக்கிற கிருமி. நாள் முழுக்க ஈரத்தில், கொழுந்துக் கறையோடு, நகக்கண் வெடித்த விரலுக்குள் அது சுலபமாக நுழைந்துவிடும். முதலில் நுழைவது கொஞ்சம்தான். கொஞ்சமாக இருக்கும்போது விஷத்தை அவிழ்த்துவிட்டால் வெள்ளையணுக்கள் திரண்டு வந்து முடித்துவிடும். அதனால் அந்தக் கட்டத்தில் அது செய்வது வேறு வேலை: திசுவில் ஒட்டிக்கொள்ளும் புரதங்களையும், நம் எதிர்ப்புப் புரதங்களைத் தலைகீழாகப் பிடித்து முடக்கும் புரதம்-ஏ என்பதையும் மேற்பரப்பில் வைத்துக்கொண்டு மறைந்திருக்கிறது.

கூட்டம் பெருகிவிட்டதா என்று தெரிந்துகொள்ள ஒவ்வொரு கிருமியும் ஒரு சின்னப் பெப்டைட்டை, அதாவது புரதத்தின் குட்டித் துண்டு ஒன்றை, வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். சுற்றுவட்டாரத்தில் அது போதிய அளவு சேர்ந்ததும், கிருமியின் மேலுள்ள ஓர் உணரி அதைப் பிடித்து உள்ளே செய்தி சொல்கிறது. அப்போது ஆர்.என்.ஏ.-3 என்ற ஒன்று ஏராளமாகப் படியெடுக்கப்படுகிறது. 514 எழுத்து நீளம். ரிச்சர்ட் நோவிக்கின் குழு இதன் வேலையை விளக்கி எழுதியதும் 1993இல்தான், நோபல் பெற்ற புழு ஆராய்ச்சி வெளிவந்த அதே வருடம்.

இந்த ஒற்றை ஆர்.என்.ஏ. கிருமியின் போக்கையே மாற்றிவிடுகிறது. புரதம்-ஏயின் தூதில் ஒட்டி அதை நிறுத்துகிறது. விஷங்களை அடக்கி வைத்திருக்கும் இன்னொரு புரதத்தின் தூதையும் நிறுத்துகிறது, அதனால் விஷங்களின் கட்டு அவிழ்கிறது. அல்பா விஷத்தின் தூது ஆர்.என்.ஏ. விஷயத்தில் மட்டும் நடப்பது நேர்மாறு. அந்தத் தூது தன்மேலேயே மடிந்து, ரைபோசோம் உட்காரும் இடத்தை மூடிக்கொண்டிருக்கும். ஆர்.என்.ஏ.-3 போய் மடிப்பைப் பிரித்துவிட, இடம் திறந்து விஷம் உருவாகத் தொடங்கும். சிறு ஆர்.என்.ஏ. என்றால் அடக்குவது மட்டும்தான் என்று நினைக்கிறவர்களுக்கு நான் எப்போதும் காட்டுகிற உதாரணம் இது. இன்னொன்றும் உண்டு. ஆர்.என்.ஏ.-3க்குள்ளேயே டெல்டா விஷம் என்ற 26 அமினோ அமிலங்கள் கொண்ட குட்டிப் புரதத்துக்கான செய்தியும் இருக்கிறது. உத்தரவும் அதுவே, சரக்கும் அதுவே.

இதன் விளைவை நான் கண்ணால் பார்க்கிறேன். சீழ் எடுத்த பஞ்சுக் குச்சி வந்ததும் இரத்தம் கலந்த அகார் தட்டில் கோடு இழுத்து, 37 பாகை சூட்டில் இராமுழுதும் வைப்போம். காலையில் மூடியைத் திறந்து தட்டை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால், செம்மஞ்சள் படர்ந்த வழவழப்பான, சற்றே மேடான குண்டுமணிகள் போலக் கிருமிக் கூட்டங்கள். ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு வட்டத்தில் இரத்தச் சிவப்பு கரைந்து வெளிறியிருக்கும். இந்தக் கிருமி விடும் விஷங்கள் செங்குருதிக் கலங்களை உடைத்த இடம் அது. ஆர்.என்.ஏ.-3 வேலை செய்யாத வகைகளில் அந்த வளையம் மங்கிப்போகும், சிலவற்றில் காணவே காணாது. நாள்பட்ட இரத்தத் தொற்று உள்ள நோயாளிகளிடம் அப்படிப்பட்ட வகைகள் கிடைப்பதுண்டு. ஆகவே வளையம் இல்லையென்று நாங்கள் தட்டைத் தள்ளி வைப்பதில்லை, பிளாஸ்மாவை உறைய வைக்கிறதா என்று குழாயில் பார்த்துத்தான் முடிவு சொல்வோம்.

எலுமிச்சம்பழத்துக்கு வருகிறேன். பழத்தின் குளிர்ச்சி எரிச்சலைக் கொஞ்சம் தணிக்கலாம். நகத்துக்கடியில் கட்டிய சீழை அது எட்டாது, வெடித்த தோலில் புளி பட்டால் காந்தல்தான் மிச்சம். சிவக்கத் தொடங்கிய நாளிலேயே, பொறுக்கக்கூடிய சூட்டுத் தண்ணீரில் நாளுக்கு மூன்று நான்கு தடவை விரலை ஊறவையுங்கள். கூட்டம் சேருமுன் செய்கிற இந்தக் கவனிப்புக்குப் பலன் அதிகம். சீழ் கட்டிவிட்டால் அதை வெளியே எடுக்க வேண்டும், அது ஆஸ்பத்திரியில் நடக்க வேண்டிய வேலை, கவ்வாத்துக் கத்தியாலோ ஊசியாலோ வீட்டில் செய்வதல்ல. அம்மாவுக்குச் சீனி வருத்தம் இருந்தாலோ, சிவப்பு கையில் மேலே ஏறினாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே கூட்டிப்போங்கள். அரைநாள் பேர், அதாவது அரைநாள் சம்பளம், போகுமே என்று அம்மா தயங்குவார். விரல் மடங்காமல் போனால் எத்தனை பேர் போகும் என்று சொல்லிக் கூட்டிப்போங்கள். அடிக்கடி வருகிறது என்று எழுதியிருப்பதால், சீழை ‘கல்ச்சர், ஏ.பி.எஸ்.டி.’ பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லி டொக்டரிடம் கேட்பதும் நல்லது. எந்த மருந்துக்கு அந்தக் கிருமி மசியும் என்று அதில் தெரிந்துவிடும்.

கேள்வி: ஐந்து மாதம் முழுகாமல் இருக்கிறேன். இரத்தம் குறைவு என்று கிளினிக்கில் இரும்புச்சத்து மாத்திரை தந்தார்கள். இரும்பு தின்றால் வயிற்றிலுள்ள கிருமியும் கொழுக்கும் என்று லயத்தில் ஒருவர் சொன்னார். நிறுத்திவிடவா?
— பெயர் வேண்டாம், ராகலை

பதில்: நிறுத்தாதீர்கள் தங்கச்சி. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், காரணம் பிறகு.

கிருமிக்கும் இரும்பு வேண்டும் என்பது உண்மை. அதற்காகத்தான் நம் உடம்பு இரும்பைச் சும்மா திரிய விடுவதில்லை. இரத்தத்தில் ட்ரான்ஸ்பெரின் பிடித்து வைத்திருக்கிறது, கலங்களுக்குள் பெரிட்டின் பூட்டி வைத்திருக்கிறது, தாய்ப்பாலில்கூட லக்டோபெரின் இருக்கிறது. தொற்று வந்தால் குடலிலிருந்து இரும்பு ஏறுவதையே உடம்பு குறைத்துவிடும். அதனால் உள்ளே வந்த கிருமிக்கு எப்போதும் இரும்புப் பஞ்சம்.

அந்தப் பஞ்சத்தை ஈ.கோலை எப்படிச் சமாளிக்கிறது என்பதை எரிக் மாஸேயும் சூசன் கொட்ஸ்மனும் 2002இல் காட்டினார்கள். 90 எழுத்து நீளமான ஆர்.வை.எச்.பி. என்ற சிறு ஆர்.என்.ஏ. இரும்பு போதியளவு இருக்கும்வரை அடங்கிக் கிடக்கும். இரும்பு குறைந்ததும் எழுந்து, இரும்பைச் செலவழிக்கும் புரதங்களின் தூதுகளை ஒவ்வொன்றாக அழித்துவிடும். அவசியமில்லாத இடத்தில் இரும்பு போகாது, இருப்பது முக்கியமான வேலைக்கு மிஞ்சும். இதில் எனக்கு வியப்பாக இருப்பது சிகெல்லா. இரத்தமும் சளியுமாக வயிற்றோட்டம் வருமே, அதை உண்டாக்கும் கிருமிகளில் ஒன்று. அதன் ஒரு வகையில் இதே சிறு ஆர்.என்.ஏ., கிருமி நம் கலத்துக்குள் புகுவதற்கு வேண்டிய மரபணுக்களை நடத்தும் தலைமைப் புரதங்களில் ஒன்றையும் அடக்கிவிடுகிறது. அதாவது இரும்பு கிடைக்கிறதா என்பதைப் பார்த்துத் தாக்குவதா வேண்டாமா என்பதையும் சேர்த்தே முடிவுசெய்கிறது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு ‘அப்படியானால் லயத்தில் சொன்னது சரிதானே’ என்று நினைக்கக் கூடாது. கிருமியைப் பட்டினி போடுவதற்காக நீங்கள் பட்டினி கிடந்தால், இழப்பு உங்களுக்கும் பிள்ளைக்கும். கர்ப்பத்தில் இரத்தம் குறைந்தால் பிள்ளை எடை குறைந்து பிறக்கும் ஆபத்தும், பிரசவத்தில் இரத்தம் போகும்போது தாய் தாங்க முடியாமல் போகும் ஆபத்தும் உண்டு. மலையகத்துப் பெண்கள் இதற்குக் கொடுத்த விலை போதும். கடுமையான தொற்றோடு வார்டில் இருப்பவர்களுக்கு இரும்பைச் சில நாள் தள்ளிப்போடுவதா என்று டொக்டர்மார் யோசிப்பதுண்டு, அது அவர்கள் எடுக்கும் முடிவு. கிளினிக் மாத்திரைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நீங்கள் கவனிக்க வேண்டியது தேத்தண்ணீர். மாத்திரையைத் தேத்தண்ணீரோடு விழுங்கினால் சாயத்திலுள்ள பொருள்கள் இரும்பைப் பிடித்துக்கொள்ளும், உடம்பில் சேராது. மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணித்தியாலமாவது தேத்தண்ணீர் வேண்டாம். தேசிக்காய்த் தண்ணீரோடு எடுத்தால் நன்றாகச் சேரும். மலம் கறுப்பாகப் போனால் பயப்படாதீர்கள், மாத்திரையால் வருவதுதான்.

கேள்வி: எங்கள் ஊர்க் குளிருக்குக் கிருமியெல்லாம் செத்துப்போகும் என்கிறார் அப்பா. உண்மையா?
— நானுஓயா

பதில்: குளிரில் பல கிருமிகள் மெதுவாக வளரும், சாகாது. லிஸ்டீரியா என்ற கிருமி பிரிஜ்ஜுக்குள் 4 பாகையிலும் வளரும். காய்ச்சாத பாலில் அது இருக்கக்கூடும், கர்ப்பிணிகளுக்கு மிக ஆபத்தானது. பாரிசின் பாஸ்டர் நிறுவனத்தில் பாஸ்கல் கொசார்ட்டின் குழு 2002இல் காட்டியதைச் சொல்கிறேன். லிஸ்டீரியாவின் தாக்கும் மரபணுக்களை எழுப்பிவிடும் புரதம் ஒன்று உண்டு. அதன் தூது ஆர்.என்.ஏ.வின் முன்பகுதி புரதமாக மாறாது, சூட்டை அறியத்தான் இருக்கிறது. 30 பாகையில் அது மடிந்து மூடிக் கிடக்கும். 37 பாகையில், அதாவது நம் உடம்புச் சூட்டில், மடிப்பு இளகித் திறக்கும். வெளியே சாதுவாக இருந்த கிருமி உடம்புக்குள் வந்ததும் மாறுவது அதனால்தான். மாடு வைத்திருக்கும் வீடென்றால், கறந்த பாலைப் பொங்கக் காய்ச்சாமல் யாருக்கும் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: கலத்துக்குள் ஒளிந்திருக்கும் கிருமி என்ன செய்கிறது என்பதை எப்படித்தான் பார்க்கிறார்கள்? மாணவர்கள் கேட்டால் சொல்ல வேண்டும்.
— விஞ்ஞான ஆசிரியர், பண்டாரவளை

பதில்: சேர், கிருமியைக் கலத்திலிருந்து பிரித்தெடுத்தால், எடுக்கிற நேரத்துக்குள் அதன் ஆர்.என்.ஏ. மாறிவிடும். பிரிக்காமலே இரண்டின் ஆர்.என்.ஏ.வையும் ஒன்றாக எடுத்து, எழுத்து எழுத்தாக வாசித்து, எது மனிதனுடையது, எது கிருமியுடையது என்று கணினியில் பிரிப்பது ஒரு வழி. ஜேர்மனியின் வூர்ஸ்பர்க்கில் யோர்க் ஃபோகலின் குழு சல்மொனெல்லாவை வைத்து 2016இல் இதைச் செய்து வெளியிட்டது. நெருப்புக் காய்ச்சல் கிருமியின் நெருங்கிய சொந்தம் அது. கலத்துக்குள் போனதும் பின்-டீ என்ற ஏறக்குறைய 80 எழுத்துச் சிறு ஆர்.என்.ஏ. பன்மடங்கு கூடியதை அதில் கண்டார்கள். உள்ளே புகுவதற்காக வைத்திருந்த கருவிகளை அது நிறுத்துகிறது, ஏனென்றால் உள்ளே வந்தாகிவிட்டது, இனித் தேவை அங்கே பிழைத்திருப்பதற்கான வேறு கருவிகள். அந்தச் சிறு ஆர்.என்.ஏ. இல்லாத கிருமி தொற்றியபோது, மனிதக் கலத்தின் மரபணுக்கள் பலவும் வேறு விதமாக நடந்துகொண்டன. கிருமியின் சிறு ஆர்.என்.ஏ. ஒன்றின் பாதிப்பு நம் கலம் வரைக்கும் எட்டுகிறது என்பதை மாணவர்களுக்குக் கட்டாயம் சொல்லுங்கள்.

கேள்வி: பாமசியில் வேலை செய்கிறேன் அக்கா. இத்தனை தெரிந்தும் இந்தச் சிறு ஆர்.என்.ஏ.வைத் தடுக்கும் மருந்து ஏன் இன்னும் கடைக்கு வரவில்லை?
— ஹட்டன்

பதில்: தம்பி, முயற்சி நடக்கிறது. எச்.எஃப்.கியூ. புரதத்தை நீக்கினால் சல்மொனெல்லா எலிகளில் நோய் உண்டாக்கும் திறனைப் பெருமளவு இழக்கிறது. அப்படியானால் அதையே தடுத்துவிடலாமே என்று தோன்றும். ஆனால் வயிற்றுப் புண்ணை உண்டாக்கும் ஹெலிகொபக்டரில் எச்.எஃப்.கியூ. கிடையாது. ஸ்டெபிலோகொக்கசில் ஆர்.என்.ஏ.-3க்கு அது தேவைப்படுவதில்லை. எல்லாக் கிருமிக்கும் ஒரே மருந்து என்பது இந்த வழியில் நடக்காது.

இன்னொரு வழி, கிருமி செய்வதை நாமே செய்வது. 1991இல் கோபன்ஹேகனில் பீட்டர் நீல்சனும் கூட்டாளிகளும் பெப்டைட் நியூக்ளிக் அமிலம் என்ற செயற்கைப் பொருளை உருவாக்கினார்கள். ஆர்.என்.ஏ.வோடு இறுக்கமாக ஒட்டும், கிருமியின் நொதியங்களால் அதை வெட்ட முடியாது. கிருமி உயிர்வாழக் கட்டாயம் வேண்டிய ஒரு மரபணுவின் தூதுக்குப் பொருந்துமாறு பத்து எழுத்தளவில் ஒரு துண்டு செய்து உள்ளே விட்டால், கிருமி செத்துப்போகிறது. ஆய்வுகூடத்தில் இது நன்றாக நடக்கிறது, எலிகளிலும் செய்து பார்த்திருக்கிறார்கள். இடைஞ்சல் உள்ளே விடுவதில்தான். அந்தத் துண்டு தானாகக் கிருமியின் சுவரைத் தாண்டாது, தாண்டவைக்க அதோடு ஒரு பெப்டைட்டை இணைக்க வேண்டும். இணைக்கும் பெப்டைட்டுகளில் சில நம் கலங்களுக்கும் கெடுதி செய்யும், சிலவற்றைக் கிருமி சீக்கிரமே தடுக்கப் பழகிக்கொள்கிறது. அதைத் தாண்டினால்தான் உங்கள் அலுமாரிக்கு வரும்.

வந்தால் ஒரு நன்மை இருக்கும். நீங்கள் இப்போது எடுத்துக் கொடுக்கிற அன்டிபயோட்டிக் நோய்க் கிருமியோடு சேர்த்துக் குடலிலுள்ள நல்ல பக்டீரியாவையும் கொல்கிறது. அதனால்தான் பிள்ளைகளுக்கு மருந்து கொடுத்த மறுநாளே வயிற்றோட்டம் என்று தாய்மார் உங்களிடம் திரும்பி வருகிறார்கள். எழுத்து பொருத்திச் செய்த மருந்தை, ஒரு கிருமியின் தூதில் மட்டும் ஒட்டுமாறு செய்ய முடியும், பக்கத்திலிருக்கும் மற்றவற்றைத் தொடாது.